ராப் பர்ரோவை விளையாட்டுப் பக்கத்திலும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெங்களூரு பதிப்பின் மருத்துவப் பக்கத்தில் மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தேவையான கட்டுரை, சந்தேகமில்லை. ஆனால் ராப் பர்ரோ அதில் இந்த நோயால் இறந்துபோன முன்னாள் ரக்பி வீரர் என்று ஒரே வரியில் வந்து போகிறார். ஸ்ரீராமபுரத்தில் சாயங்காலம் பசங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறவன் நான், எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

அவர் ஆடியது ரக்பி லீக். 15 பேர் ஆடும் ரக்பி வேறு, இதில் அணிக்கு 13 பேர். வட இங்கிலாந்தில் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும், அதை ஈடுகட்டுங்கள் என்று கேட்டு, மேலே இருந்தவர்கள் மறுத்ததால் 1895-ல் கிளப்புகள் தனியாகப் பிரிந்து வந்து வளர்த்த ஆட்டம் இது. பந்தோடு ஓடுகிறவனை மடக்கிப் பிடிக்க வேண்டும், ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. கபடி தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது.

இந்த ஆட்டத்தில் பர்ரோவின் உயரம் 165 செ.மீ., எடை 70 கிலோகூட இல்லை. எதிரே நின்றவர்களில் பலர் 100 கிலோவைத் தாண்டியவர்கள். 2001-ல் லீட்ஸ் ரைனோஸ் அணிக்கு ஆட வந்தவர் 2017-ல் ஓய்வு பெறும்வரை வேறு கிளப் பக்கமே போகவில்லை, 490-க்கும் அதிகமான ஆட்டங்கள், இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி லீக் போட்டியான சூப்பர் லீக்கில் 8 பட்டங்கள், நடுவில் இங்கிலாந்துக்கும் ஆடினார்.

2011 சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தை யூடியூபில் பாருங்கள். மான்செஸ்டரில், செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கு எதிராக. லீட்ஸ் அந்த வருடம் லீக்கில் ஐந்தாவது இடத்தில் முடித்த அணி. பர்ரோ மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்குகிறார். பந்து கைக்கு வந்ததும் குனிகிறார், பிடிக்க வந்தவன் கைக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறார், அப்புறம் கடைசிக் கோடு வரை ஒரே ஓட்டம். பெரிய உடம்பாக இருந்திருந்தால் அந்த இடுக்கில் நுழையவே முடியாது! லீட்ஸ் 32-16 என்று ஜெயித்தது, சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போன வருடம் என்னிடம் கற்ற ஒரு பையனை ஒரு தேர்வில் உயரம் பத்தாது என்று அளந்து பார்த்ததோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், களத்தில் இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல ரெய்டர் அவன். அந்த மாதிரிப் பசங்களும் அவர்களை அளக்கிறவர்களும் பர்ரோவின் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயையும் அவர் மறைக்கவில்லை. 2019 டிசம்பரில் தெரிந்தது, வயது 37. குரல் போன பிறகும் கணினி வழியாகப் பேசினார். கூட ஆடிய கேப்டன் கெவின் சின்ஃபீல்ட் நிதி திரட்ட 7 நாளில் 7 மாரத்தான் ஓடினார், 2023-ல் லீட்ஸ் மாரத்தான் முழுவதும் பர்ரோவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடி, முடியும் இடத்தில் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார். 2024 ஜூன் 2-ல் பர்ரோ இறந்தார். அவர் பெயரில் லீட்ஸில் நோயாளிகளுக்கான மையம் கட்டும் வேலை, குடும்பத்தின் விருப்பப்படி, மறுநாளே தொடங்கியது.

சரி, என் கோரிக்கை இதுதான். அவரைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை போடுங்கள், எதிரணிக்காரர்கள் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்றும் வையுங்கள். எந்த நாள் வரும் என்று முன்கூட்டியே சொன்னால் பசங்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு