இரண்டு 28-உம் ஒன்றல்ல

அன்புள்ள பாப்பா,

உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. வைட்டமின் டி 28. "அம்மாவுக்கும் 28தானே வந்தது, அவங்களுக்குப் பரவாயில்லைன்னாங்களே" என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேறு வேறு அளவு: இங்கே மதுரையில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று எடையில் போடுவார்கள், உங்கள் கிளாஸ்கோவில் ஒரு லிட்டருக்கு எத்தனை நானோமோல் என்று மூலக்கூறு எண்ணிக்கையில். நானோகிராமுக்கு மாற்ற உன் எண்ணை 2.5-ஆல் வகுத்தால் 11தான் வருகிறது. எலும்புக்கு 20 இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. நீ அதில் பாதியைத்தான் தாண்டியிருக்கிறாய்.

அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயில் அடித்தாலும் தோல் வைட்டமின் டி தயாரிக்க அது போதாது. நம் நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால் இந்த எண் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஊரிலிருந்து கொண்டுபோன 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் போட்டால் சீக்கிரம் ஏறுமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். வேண்டவே வேண்டாம். அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொல்லும் சில வாரங்களுக்கு மட்டும். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி வரும், கடைசியில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

உன் டாக்டர் எழுதிய 25 மைக்ரோகிராம் என்பது 1,000 யூனிட். அது போதுமா என்று சந்தேகப்படாதே. தினமும் 1,000 யூனிட் சாப்பிட்டால் நானோகிராம் கணக்கில் ஏழு, எட்டு ஏறும். உன்னைப்போல் அடியில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே ஏறும். மேலே போகப் போக ஏற்றம் மந்தமாகிவிடும். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில், தினம் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களில் ரத்தம் பார்த்தவர்களுக்குச் சராசரி ஒரு வருடத்தில் சுமார் 30-லிருந்து 42-க்குத்தான் போனது. உடல் எடை கூடியவர்களுக்கு ஏற்றம் இன்னும் குறைவு. அதனால் மாப்பிள்ளையும் நீயும் ஒரே மாத்திரை போட்டாலும் எண் ஒன்றாக வராது, ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

அப்புறம், அடுத்த மாதமே ஓடிப்போய் மறுபடி ரத்தம் கொடுக்காதே. வைட்டமின் டி ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் அளவு ஒரு நிலைக்கு வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் பிடிக்கும். லேபில் இருந்தபோது நான் எத்தனையோ பேரிடம் சொன்னதுதான் இது. பாதி ஏற்றத்தில் பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்யலை" என்று அவர்களாகவே இரட்டிப்பாக்கிக்கொள்வார்கள்.

அதிகம் போட்டால் அதிக நன்மை என்பதும் இல்லை. கனடாவின் கால்கரியில் மூன்று வருடம் 400, 4,000, 10,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. அவர்கள் குறைபாட்டோடு வந்தவர்கள் இல்லை. அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் எண் நன்றாக ஏறியது, எலும்பு மட்டும் பலப்படவில்லை. 10,000 சாப்பிட்டவர்களின் மணிக்கட்டு எலும்பில் அடர்த்தி 400 சாப்பிட்டவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

மாத்திரையை வெறும் வயிற்றில் காபியோடு விழுங்காமல், நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டோடு போடு. நீ ஏற்கெனவே சாப்பிடும் மல்டிவைட்டமினிலும் இது இருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்துக் கூட்டிக்கொள். டாக்டரைக் கேட்காமல் மொத்தம் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்ட வேண்டாம்.

அப்பா