நத்தைக்குக் கொம்பு முளைக்குதுங்க: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்துப் பள்ளிகளில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கமுங்க.

கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வாழை, தென்னை வைத்துப் பண்ணையம் பார்க்கிறவன் நான். போன தேர்வில் என் மகள், 'அறுந்த நரம்பு நத்தையில் மறுபடி வளரும்' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'நரம்பு வளராது' என்று எழுதித் தாள் வந்தது. ஒரு மார்க் போனதற்கு மடல் எழுதுகிற ஆளில்லை நான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையை எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம். அவளுடைய அப்புச்சி தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டபோது டாக்டர் சொன்னது. அவர் சொன்னது சரிதான். அப்புச்சி சாளைத் திண்ணையில் கட்டிலோடு கிடக்கிறார். 'ஏன் வளராது?' என்று அன்றைக்குப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை.

மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் ஆப்பிரிக்கப் பெரு நத்தை மேயும். 1847இல் கல்கத்தாவில் கொண்டு வந்து விட்டது, நாடெல்லாம் பரவிவிட்டது. பொழுது விழுந்ததும் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவோம். அதில் ஒன்றுக்கு நீளக் கொம்பு ஒன்று பாதியில் அறுந்திருந்தது. மகள் அதைத் தனியாக வாளியில் போட்டுப் பப்பாளி இலை வைத்தாள். மொட்டையாக இருந்த இடம் மெல்ல நீண்டது. ஒரு நாள் நுனியில் கருப்பாக ஒரு புள்ளி. அதுதானுங்க கண்!

கொம்பு என்றால் வெறும் சதை இல்லை. கண்ணும் மோப்பமும் அதில்தான், நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகும். முளைத்த கொம்பு திரும்ப மோப்பம் பிடிக்கிறது என்பதை இதே இன நத்தையில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். லிம்னேயா என்ற குளத்து நத்தைக்கு நரம்பு செல்லே ஏறத்தாழ 20,000தான், நமக்கோ 8,600 கோடி. அதன் நரம்பை நசுக்கினால் இழைகள் வளர்ந்து மறுபடி இணைகின்றன. ஓடில்லாத நத்தை ஒன்றில் மணத்தை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியையே சிதைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் அதுவும் தேறி வந்தது. இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற ஆய்வாளர் நத்தைத் தலையை வெட்டி, திரும்ப முளைக்கிறது என்று 1768இலேயே எழுதிவிட்டார். மூளையும் சேர்த்து வெட்டினாரா என்ற சண்டை அப்புறம் ரொம்ப நாள் நடந்தது.

மனிதனிலும் கை நரம்பு அறுந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரும். வளராமல் மல்லுக்கு நிற்பது மூளையும் தண்டுவடமும். அங்கே விழும் தழும்பும், இழைகளைச் சுற்றிய கொழுப்புறையில் உள்ள சில புரதங்களும் வழிமறிக்கின்றன. நத்தை நரம்பில் அந்த உறை கிடையாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். 'நரம்பு வளராது' என்று சொல்லும்போது யாருக்கு, எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்க் வேண்டாம். மழை நாளில் ஒரு வகுப்பைப் பள்ளித் தோட்டத்தில் வையுங்கள். எதையும் வெட்ட வேண்டியதில்லை, கொம்பு அறுந்தது தானே கிடைக்கும்.

வெறுங்கையால் தொட விடாதீர்கள். நமது மூளையைத் தாக்கும் புழு ஒன்று இந்த நத்தையில் இருக்கக்கூடும். எங்கள் வீட்டிலும் கையுறை போட்டுத்தான் எடுக்கிறோம்.

இப்படிக்கு,
கோபி வட்டார வாழை விவசாயி