கதவைத் திறந்துவிட்ட கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நாலு நாளாக அதே யோசனைதான். பேச ஆரம்பித்தால் பாதியில் தடுமாறிவிடுவேன் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கூடத் தங்கியிருக்கும் பெண் காய்ச்சலில் கிடந்தபோது ஒன்பது ராத்திரி கண் விழித்துப் பார்த்துக்கொண்டாய். அதைக் கேட்டுவிட்டு உன் சிநேகிதன், "இதெல்லாம் பரிணாமம் செய்கிற வேலை. நாளைக்கு அவள் உன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று உன் மரபணு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான்" என்றானாம். "அப்போ நான் செய்தது நல்லதே இல்லையாப்பா?" என்று கேட்டாய். உன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அவன் சொன்னதில் பாதி சரிதான். ரத்த உறவுக்காக ஓர் உயிர் தன் நலத்தை விட்டுக்கொடுக்கும் குணம் பிழைக்க உதவும் குணங்களே தலைமுறைகளில் தங்கும் என்கிற இயற்கைத் தேர்வில் எப்படி நிலைக்கும் என்பதை 1964-இல் ஹாமில்டன் என்ற உயிரியல் அறிஞர் கணக்காகவே போட்டுக் காட்டினார். விட்டுக்கொடுக்கத் தூண்டும் மரபணு உறவினர் உடம்பிலும் இருக்கலாம். அவர்கள் பிழைத்தால் அதுவும் பிழைக்கும். உறவே இல்லாதவர்களுக்குள்ளும் உதவிக்கு உதவி என்ற வழியில் இது வளரும் என்று 1971-இல் டிரிவர்ஸ் என்ற இன்னொரு உயிரியல் அறிஞர் எழுதினார். ரத்தம் குடிக்கும் வௌவாலுக்கு இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். வயிறு நிறைந்து வந்த வௌவால், பட்டினியாய் வந்ததற்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டும். சொந்தத்துக்கு மட்டும் என்றில்லை, கூடவே தங்கிப் பழகியதற்கும் ஊட்டும். அந்த வௌவால்களை ஆராய்ந்த வில்கின்சன் இதை 1984-இல் எழுதியிருக்கிறார்.

சரி, அவன் எங்கே வழுக்கிவிட்டான்? ஒரு குணம் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தக் குணம் உள்ளவரின் மனசில் அந்த நேரம் என்ன ஓடுகிறது என்பது வேறு கேள்வி. நாம் பிழைத்திருப்பதற்காகத்தான் தாகம் என்ற ஒன்று வந்தது. ஆனால் தண்ணீர் குடிக்கும்போது யாரும் பிழைத்திருப்பதை நினைத்துக் குடிப்பதில்லை. தொண்டை வறள்கிறது, குடிக்கிறோம். அதனால் தாகம் பொய் என்று ஆகிவிடுமா? அந்த ஒன்பது ராத்திரியும் உன் காதில் விழுந்தது அந்தப் பெண்ணின் அனத்தல்தான். மரபணுவுக்கு மனசு கிடையாதம்மா. உனக்கு இருக்கிறது.

ஹாமில்டன் எழுதிய அதே 1964-இல் ரீசஸ் குரங்குகளை வைத்து நடந்த ஒரு சோதனையும் வெளிவந்தது. சங்கிலியை இழுத்தால் சாப்பாடு வரும். கூடவே எதிரில் தெரியும் இன்னொரு குரங்குக்கு மின்சார அதிர்ச்சியும் போகும். ஒரு குரங்கு ஐந்து நாள், இன்னொன்று பன்னிரண்டு நாள் சங்கிலியைத் தொடாமல் பட்டினி கிடந்தன. அப்படியொரு சோதனை செய்ததே கொடுமை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நாளை மறக்க முடியவில்லை.

உனக்கு ஒன்றரை வயது இருக்கும். கை நிறைய மடித்த துணியோடு அலமாரி முன்னால் நின்று, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மூலையில் விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து தத்தித் தத்தி வந்து, கதவைப் பிடித்து இழுத்துத் திறந்துவிட்டாய். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். திரும்பிப் போய் விளையாட உட்கார்ந்துவிட்டாய். நான் கேட்கவும் இல்லை, நீ எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. அப்புறம் 2006-இல் வார்னேக்கன், டோமசெல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் செய்த ஆய்வைப் படித்தபோது, ஏறக்குறைய இதே காட்சி அதில் இருந்தது. அதே பதினெட்டு மாதக் குழந்தைகள், கை நிறையச் சுமையோடு மூடிய அலமாரியில் முட்டும் பெரியவர், எழுந்து வந்து திறந்துவிடும் பிஞ்சுக் கை. படித்துவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

1871-இல் மனிதனின் வம்சாவளி பற்றி எழுதிய நூலில் டார்வின் தகைவிலான் குருவியைப் பற்றிச் சொல்கிறார். வலசை போகும் காலம் வந்ததும், கூட்டில் குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டுச் சில தாய்க்குருவிகள் பறந்துபோய்விடும். அந்த நேரத்துக்கு வலசை வேகம் தாய்மையை ஜெயித்துவிடுகிறது. போய்ச் சேர்ந்ததும் அந்த வேகம் அடங்கிவிடும். அப்போது, குளிரிலும் பசியிலும் சாகிற குஞ்சுகளை நினைத்துப் பார்க்கும் மனம் அந்தக் குருவிக்கு இருந்தால் எப்படித் துடிக்கும் என்று கேட்கிறார். மனசாட்சி அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது அவர் கருத்து. பசி, கோபம், பயமெல்லாம் வந்து போய்விடும், கூட்டத்தோடு ஒட்டிய உணர்வு போகாது, நினைவு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு மூன்று வயதாக இருந்தபோது, நான் வேலை பார்த்த ஆபீஸில் பணம் குறைந்து, பழி ஒரு மூத்தவர் மேல் விழுந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். பணம் குறைந்த அன்று சாயங்காலம் முழுக்க என் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். விசாரணையில் கேட்டபோது, "கவனிக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் பத்து நாளில் போய்விட்டது. அவர் டிராயரைத் திறந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பேனாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்தது மட்டும் இன்னும் போகவில்லை.

நம் பரிவுக்குப் பரிணாமம் தந்த இந்தப் பழைய வேரில் ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தான்சானியாவில் கோம்பே காட்டில் சிம்பன்சிக் கூட்டம் ஒன்று இரண்டாகப் பிரிந்தது. 1974 முதல் நாலு வருஷத்தில், ஒரு பக்கத்து ஆண்கள் மறுபக்கத்து ஆண்களை ஒவ்வொன்றாகத் தாக்கி அழித்ததை, அங்கே சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் பதிவு செய்திருக்கிறார். முன்பு ஒன்றுக்கொன்று பேன் பார்த்துவிட்டவை அவை. "நம்மவர்" என்று பாசம் காட்டும் மனசுதான் "அவர்கள்" என்று கோடும் கிழிக்கிறது. டார்வினுக்கும் இது தெரியும். சொந்த நாட்டில் முகம் தெரியாதவர்களிடமும் பரிவு காட்டக் கற்றுக்கொண்ட மனிதனை, எல்லா நாட்டு மக்களிடமும் அதைக் காட்டவிடாமல் தடுப்பது செயற்கையான ஒரு தடுப்புதான் என்று அதே நூலில் எழுதுகிறார்.

அந்தப் பெண் உன் ஊரும் இல்லை, உன் மொழியும் இல்லை. வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை என்றாய். உன் சிநேகிதன் அடுத்த தடவை கணக்கைப் பற்றிப் பேசினால் இதையும் சேர்த்துப் போடச் சொல்.

அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல். நீயும் பகலில் கொஞ்சம் தூங்கு.

அந்த மூத்தவரின் நம்பரை நேற்றுத்தான் தேடிப் பிடித்தேன். எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டதாம், காது சரியாகக் கேட்காதாம். போனில் பேசுகிற விஷயம் இல்லை. சனிக்கிழமை நேரிலேயே போகிறேன்.

அன்புடன்,
அப்பா