கையெழுத்துப் போட்டவர் பொறுப்பேற்கட்டும்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடன் மோசடி என்றால் என்ன என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைத் தடுப்பதற்கான விதிகளை எழுதுவதே தங்கள் அலுவலகம்தான். நான் ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். ஒரு வீட்டின் பத்திரங்கள் சரியாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும், அந்தக் கையெழுத்தை ஏற்றுக் கடன் வழங்கிய வங்கியும், அது பொய்த்துப்போனால் பொறுப்பேற்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பொறுப்பு முழுவதும் கடன் வாங்கியவர் தலையிலேயே விழுகிறது.

சென்ற மாதம், சென்னைப் புறநகரில் என் தங்கை குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரும்புக் கேட்டில் ஒரு நிதி நிறுவனத்தின் ஆட்கள் சுவாதீன அறிவிப்பை, அதாவது கடன் பாக்கிக்காகச் சொத்தைக் கையகப்படுத்துவதாகச் சொல்லும் அறிவிப்பை, ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாரமே அது நாளிதழ்களிலும் வந்தது. சர்வே எண், மனையின் நான்கு எல்லைகள், நிலுவைத் தொகை எல்லாம் அச்சாகியிருந்தன. கடன்தாரர் என்ற இடத்தில் இருந்தது கட்டுநரின் பெயர். அங்கே குடியிருக்கும் எட்டுக் குடும்பங்களில் ஒன்றுக்கும் அந்த நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. என் தங்கை கடன் வாங்கியது வேறொரு வங்கியில். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவருகிறாள்.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. வீடுகளை விற்பதற்கு முன்பே கட்டுநர் மனையின் அசல் தாய்ப்பத்திரத்தை அந்த நிதி நிறுவனத்திடம் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். பத்திரத்தைக் கையில் கொடுத்தாலே அடமானம் உண்டாகிவிடும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவு. அதை ஓர் ஆவணமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாதவரை வில்லங்கச் சான்றில் அது ஏறாது. இங்கும் ஏறவில்லை. முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை.

தாய்ப்பத்திரத்தின் நகலைத்தான் கட்டுநர் எட்டுப் பேரிடமும் காட்டினார். எல்லா வீடுகளும் விற்றுமுடிந்ததும் அசலைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பதாகச் சொன்னார். அடுக்குமாடி வீடு வாங்கப் போகிற எவரும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு இது. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் தங்கையின் கணவர் அதை நம்பினார். அவர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் அவர்களுக்குக் கடன் தந்த வங்கிக்காகப் பத்திரங்களைச் சரிபார்த்த, வங்கியின் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர் எப்படி நம்பினார்? அசல் எங்கே, யார் கையில் இருக்கிறது என்று கேட்பதற்குத்தானே அவரை வைத்திருக்கிறார்கள்?

அவர் கட்டுநரைக் கேட்காவிட்டாலும் வேறு வழி இருந்தது. ஒரே சொத்தைக் காட்டிப் பல இடங்களில் கடன் வாங்குவதைத் தடுப்பதற்கென்றே 2011இல் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் பதியாத அடமானத்தை வைத்துக்கொண்டு, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றக் கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் தரும் சர்பாசி சட்டத்தின் கீழ் யாரும் சொத்தைக் கைப்பற்ற முடியாது என்ற விதியும் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்படியானால் கேட்டில் அறிவிப்பு ஒட்டியவர்கள் அங்கே பதிந்திருக்க வேண்டும் அல்லவா? என் தங்கையின் மகன், கல்லூரியில் படிக்கிற பையன், இணையத்தில் சொற்பக் கட்டணம் கட்டித் தேடினான். கிடைத்தது. தன் அம்மாவுக்குக் கடன் அனுமதியாவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே அந்த அடமானம் அங்கே பதிவாகியிருந்ததைக் கண்டான். ஒரு மாணவனால் எடுக்க முடிந்ததை, அத்தனை அலுவலர்களும் கணினிகளும் உள்ள ஒரு வங்கி எடுத்துப் பார்க்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் எங்களை மிகவும் நோகடிப்பது. கடன் விண்ணப்பத்தின்போது என் தங்கையிடம் செயலாக்கக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றோடு சட்ட ஆய்வுக் கட்டணம் என்றும் ஒரு தொகை வாங்கினார்கள். வழக்கறிஞருக்குக் கூலி கொடுத்தது அவள்தான். ரசீது அவளிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த சட்டக் கருத்தின் நகலைக் கேட்டபோது, அது வங்கியின் அக ஆவணம், வாடிக்கையாளருக்குத் தர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் கேட்டாள், எழுத்திலும் அதே பதில். அந்த வழக்கறிஞர் எந்தெந்தப் பத்திரங்களைப் பார்த்தார், அசலைப் பார்த்தேன் என்று எழுதினாரா, நகலைத்தான் பார்த்தேன் என்று எழுதினாரா, செர்சாயில் தேடியதாகக் குறிப்பிட்டாரா, ஒன்றும் தெரியாது. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். அங்கேயும் முதலில் கேட்பது ஆவணங்களைத்தான். கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் 45 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வழக்குக்கும் அந்தக் காகிதம் வேண்டும்.

இதற்கிடையில் ஐந்தாம் தேதி பிறந்ததும் தவணைப் பணம் அவள் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. கட்டினால், இன்னொருவர் ஏலம் போடப்போகிற வீட்டுக்குக் கட்டுகிறாள். நிறுத்தினால், 90 நாளில் கணக்கு வாராக்கடனாகும்; கடன் மதிப்பெண் சரியும்; மகனுக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் அது வந்து நிற்கும். சமையலறையில் அலமாரி அடிக்க வாங்கிய பிளைவுட் பலகைகள் கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. தச்சருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. வரச் சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தச்சர் தொலைபேசியில் அழைத்தால் அவள் எடுப்பதில்லை.

வங்கிக் கிளை மேலாளர் மரியாதையாகவே பேசினார். 'நாங்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான்' என்றார். அவர் மாற்றலாகி வந்தவர். கடனை அனுமதித்தவர் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். ஏமாற்றப்பட்டவர்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏமாந்ததற்கு வங்கி இதுவரை ஒரு ரூபாய் இழக்கவில்லை. அசலையும் வட்டியையும் என் தங்கை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறாள். சரியாகப் பார்த்தாலும் பாராவிட்டாலும் வட்டி வந்துகொண்டே இருக்கும் என்றால் அடுத்த விண்ணப்பத்தை அவர்கள் ஏன் கவனமாகப் பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்: சரிபார்த்தவர் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த வழக்கில் வரும் வங்கியும் நிதி நிறுவனமும் ஆகிய இரண்டும் தங்கள் ஆளுகைக்கு உட்பட்டவையே. வீட்டுவசதி நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2019 ஆகஸ்டில் தங்களிடம் வந்தது. கட்டுமானத் திட்டத்துக்குக் கடன் தரும் வங்கி, அந்தச் சொத்து யாரிடம் அடமானம் இருக்கிறது என்பதை விளம்பரத்திலும் கையேட்டிலும் வெளியிடும்படி கட்டுநருக்கு நிபந்தனை போட வேண்டும் என்று தங்கள் விதியே சொல்கிறது. நல்ல விதி. ஆனால் எட்டு வீடு, ஆறு வீடு என்று கட்டி விற்கிற சிறு கட்டுநர்கள் கையேடா அடிக்கிறார்கள்? எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடங்கள், வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப் பதிவிலிருந்தும் தப்பிவிடுகின்றன. மனையில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டிருந்தால்கூட நாங்கள் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டோம்.

தண்டனை என்று வரும்போது கட்டுநர் மீது ஏமாற்றுக் குற்றம் சாட்டலாம். பாரதிய நியாயச் சட்டம் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. வழக்கறிஞர் நிலை வேறு. ஹைதராபாத் வீட்டுக் கடன் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. சதியில் பங்கிருந்ததற்குச் சான்று இல்லாமல், தவறான சட்டக் கருத்துக் கொடுத்தார் என்பதற்காக மட்டும் வங்கியின் வழக்கறிஞர் மீது குற்ற வழக்கு நடத்த முடியாது என்பது அதன் சாரம். தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. கவனக்குறைவு வேறு, சதி வேறு. ஆனால் கவனக்குறைவுக்கு விலையே இல்லாமல் போய்விட்டது. மோசடியில் தொடர்புள்ள வழக்கறிஞர்கள், மதிப்பீட்டாளர்கள் பற்றி இந்திய வங்கிகள் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் தாங்கள் வெளியிட்ட நெறிமுறைகளில் இருக்கிறது. அந்த எச்சரிக்கைப் பட்டியல் வங்கிகளுக்குப் போகிறது. கட்டணம் கட்டுகிறவருக்கு வருவதில்லை.

பெரிய இடத்து விவகாரங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. திவான் ஹவுசிங் என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தில், இல்லாத ஒரு பாந்த்ரா கிளையின் பெயரில் 2.60 லட்சம் போலி வீட்டுக் கடன் கணக்குகள், 14,000 கோடி ரூபாய்க்கு மேல் காட்டப்பட்டதாக 2021இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. ஏழைகளின் வீட்டுக்கென்று அரசு தரும் வட்டி மானியத்தையும் அந்தக் கணக்குகளின் பெயரால் கோரினார்கள் என்பது குற்றச்சாட்டு. லட்சக்கணக்கில் ஆளில்லாத கணக்குகள் இருக்க முடிந்த இதே நாட்டில்தான், என் தங்கை கணவரின் சம்பளச் சீட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து மாறியிருக்கிறது என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். டெல்லியைச் சுற்றி, கட்டாத கட்டடங்களுக்கு வங்கிகள் முன்கூட்டியே கோடிக்கணக்கில் பணத்தை விடுவித்து, வீடு கிடைக்காத மக்களிடம் தவணையை வசூலித்த கதையும் ஊரறிந்தது. கட்டுமானத்தின் நிலையைப் பார்த்துத்தான் பணம் விடுவிக்க வேண்டும் என்று தாங்கள் 2013இலேயே சொல்லியிருந்தீர்கள். கேட்டார்களா? 2025இல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யை அனுப்ப வேண்டியிருந்தது. விதி தங்களிடம் இருந்தது; மீறியவர்களை வேறு யாரோ தேட வேண்டியதாயிற்று.

மன்னிக்கவும். சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன், மனம் ஆறவில்லை.

வங்கிகளைப் பணிய வைக்கும் வழி தங்களுக்குத் தெரியும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கியே கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் உத்தரவிட்டீர்கள். அதுவரை பத்திரத்துக்காக வங்கிக்கு நடையாய் நடந்தவர்கள் கையில் ஓர் ஆயுதம் கிடைத்தது. பத்திரத்தைத் திருப்பித் தரும்போது இருக்கிற பொறுப்பு, அதை வாங்கிப் பார்க்கும்போதும் வங்கிக்கு இருக்க வேண்டும்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். சட்டக் கருத்தின் நகலும், செர்சாயில் தேடிய நாளும் முடிவும், பணம் விடுவிப்பதற்கு முன் கடன்தாரரின் கையில் கிடைக்க வேண்டும். தேடாமலே கடன் கொடுத்தது நிரூபணமானால், முந்தைய அடமானத்தால் வரும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும். பிறகு அது தன் வழக்கறிஞரிடமோ கட்டுநரிடமோ வசூலித்துக்கொள்ளட்டும். அப்படி வசூலிக்கும் வலு அதற்கு இருக்கிறது, என் தங்கைக்கு இல்லை. வாங்கியவர் மீது குற்றமில்லை என்று முகாந்திரம் தெரிகிற வழக்குகளில், விசாரணை முடியும்வரை தவணையை நிறுத்திவைத்து, அந்தக் கணக்கை வாராக்கடன் என்று பதியாமல் இருக்க உத்தரவிட வேண்டும். இரண்டு நிறுவனங்களும் ஒரே சொத்தின் மேல் உரிமை கோரும்போது, குடியிருப்பவரை வெளியேற்றும் முன் அவை இரண்டையும் தாங்களே அழைத்து உட்காரவைத்துப் பேச வேண்டும்.

எட்டுக் குடும்பங்களின் கடன் விவரங்கள், செர்சாய் தேடலின் அச்சுப்பிரதி, நகல் தர மறுத்து வங்கி எழுதிய கடிதம் ஆகியவற்றைத் தங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறோம். அடுத்த ஐந்தாம் தேதிக்கு முன், தவணையைப் பற்றி மட்டுமாவது ஒரு பதில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீட்டுக் கடன்தாரர் ஒருவரின் அண்ணன்,
சென்னை