தாம்பரத்தைச் சென்னையின் இரட்டையாக நடத்துங்கள்

பெறுநர்:
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை,
எழும்பூர், சென்னை.

மதிப்பிற்குரிய குழும உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2026 முதல் 2046 வரை சென்னைப் பெருநகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதில் சென்னையையும் தாம்பரத்தையும் இரட்டை நகரங்களாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். இரண்டையும் ஒரே மாநகராட்சியாக்கச் சொல்லவில்லை. வரிப் பணத்தையும் மழைத் தண்ணீரையும் இரண்டும் சேர்ந்து கையாள ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. தாம்பரம் மாநகராட்சி வந்தது 2021 நவம்பரில். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் ஆயின. பல்லாவரம் நகராட்சியில் இருந்த எங்கள் குரோம்பேட்டையும் அப்படித்தான் உள்ளே வந்தது. எங்கள் முகவரி சென்னை 600044. சொத்து வரி கட்டுவது தாம்பரத்துக்கு. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. அதில் தினமும் போய் வருகிறவர்களிடம் மாநகராட்சி எல்லை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆனால் பணத்துக்கு அந்த எல்லை நன்றாகவே தெரியும். கிண்டிக்கும் தரமணிக்கும் பெருங்குடிக்கும் வேலைக்குப் போகிற எங்கள் பக்கத்து ஆட்கள் ஏராளம். அவர்கள் சம்பளத்தில் பிடிக்கிற தொழில் வரி, அலுவலகம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறதோ அங்கேதான் போய்ச் சேருகிறது. அரசமைப்பின் 276ஆம் பிரிவுப்படி அது ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. சின்னத் தொகைதான். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் ஒரு கட்டடத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். அந்தக் கட்டடத்தின் சொத்து வரியும் சென்னைக்கே. சாயந்திரம் அத்தனை பேரும் வீடு திரும்புகிற தெருவின் குப்பையும் விளக்கும் வடிகாலும் தாம்பரத்தின் தலையில். சென்னை மாநகராட்சியை நான் குறை சொல்லவில்லை, சட்டம் அப்படி இருக்கிறது. மாற்ற வேண்டியதும் சட்டத்தைத்தான்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் அதை மாற்றியிருக்கிறார்கள். அங்கே மினியாபொலிசும் செயின்ட் பாலும் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒட்டியே இருக்கின்றன. மினியாபொலிஸ் மாவு ஆலைகளால் வளர்ந்தது, செயின்ட் பால் மாநிலத் தலைநகர். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றையொன்று முந்துவதற்காக இரண்டு ஊரிலுமே பொய்த் தலைகளைச் சேர்த்து, மறுபடி எண்ண வேண்டியதாகிவிட்டது. அவ்வளவு போட்டி! இன்றும் இரண்டுக்கும் தனித்தனி மேயர். ஆனால் புறநகர்களில் செப்டிக் டேங்க் கழிவு கிணற்றுத் தண்ணீரில் கலக்க ஆரம்பித்தபோது, தனித்தனியாக இதைச் சமாளிக்க முடியாது என்பது தெரிந்துபோனது. 1967இல் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெருநகர மன்றத்தை மாநிலம் அமைத்தது. கழிவுநீரும் பேருந்தும் இன்று அதன் கையில். 1971இல் இன்னொரு சட்டம் வந்தது. சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில் கடை, ஆலை, அலுவலகம் போன்ற சொத்துகளின் வரி மதிப்பு எந்த ஊரில் உயர்ந்தாலும், 1971க்குப் பிந்தைய அந்த உயர்வில் 40 விழுக்காடு ஒரு பொதுத் தொகுப்பில் சேரும். ஒவ்வொரு ஊரின் மக்கள்தொகையையும், வரி திரட்ட அதற்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்பதையும் பார்த்து அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். மிச்சம் 60 விழுக்காடு கட்டடம் இருக்கிற ஊருக்கே. அரை நூற்றாண்டுக்கு மேலாக இது நடக்கிறது, பெரிய நகரம் ஒன்றும் நொடித்துப் போகவில்லை.

பேசாமல் இணைத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நெல்லையும் பாளையும் ஒரே மாநகராட்சியில் இருக்கின்றன, சரி. நடுவில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஊர். கர்நாடகத்தின் ஹூப்ளி – தார்வாட் அப்படி இல்லை. சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளி உள்ள அந்த இரண்டு ஊர்களையும் 1962இல் ஒரே மாநகராட்சியாக்கினார்கள். நிதியெல்லாம் ஹூப்ளிக்கே போகிறது என்று தார்வாட்காரர்கள் பல காலம் போராடினார்கள். கடைசியில் 2025 ஜனவரியில் தார்வாட்டுக்குத் தனி மாநகராட்சி அமைக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 200 வார்டு சென்னைக்குள் எங்களையும் சேர்த்தால் எங்கள் குரல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வரை கேட்குமா என்ற பயம் எனக்கு உண்டு.

தண்ணீருக்கு வருவோம். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். இந்த ஒரே வரிசையில் தாம்பரம் மாநகராட்சி, ஊராட்சி, மறுபடி தாம்பரம், பிறகு சென்னை என்று பொறுப்பு கை மாறுகிறது. மேலே ஒரு வாய்க்காலை அகலப்படுத்தினால் கீழே வெள்ளம். கீழே அடைத்துக்கொண்டால் மேலே வீட்டுக்குள் தண்ணீர். அடையாறும் முடிச்சூர், அனகாபுத்தூர் வழியாகத்தான் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் வருகிறது. 2015 டிசம்பரில் இரண்டு பக்கமும் ஒரே வெள்ளத்தில் தவித்தோம். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமாகிவிட்டது (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்), அந்தப் பெருமை சென்னைக்கு. அதற்கு வந்து சேரும் தண்ணீர் சுத்தமாக இருப்பது செம்பாக்கத்தில் போடுகிற பாதாளச் சாக்கடையைப் பொறுத்தது.

சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கிற சென்னை ஒன் செயலி 2025இல் வந்துவிட்டது. மூன்றும் வெவ்வேறு நிர்வாகங்கள்.

வரி விதிப்பது உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பது தெரியும். பரிந்துரைப்பது இருக்கிறது. தொழில் வரியில் ஒரு பங்கு ஊழியர் குடியிருக்கும் உள்ளாட்சிக்குப் போக வேண்டும் என்றும், புதிய வணிகக் கட்டடங்களின் சொத்து வரியில் ஒரு பகுதி பெருநகரப் பொது நிதியில் சேர வேண்டும் என்றும் அரசுக்கு எழுதுங்கள். ஏரி வரிசை முழுவதையும் ஒரே வடிகால் வரைபடமாகப் போட்டு, எந்த உள்ளாட்சியும் அதை மீறிக் கட்ட அனுமதி தர முடியாதபடி திட்டத்திலேயே சேருங்கள். சென்னையை ஒட்டிய இன்னொரு தனி மாநகராட்சியான ஆவடிக்கும் இதே நியாயம்தான்.

அப்புறம், வரைவுத் திட்டத்தைத் தமிழில் முன்கூட்டியே வெளியிட்டு, கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தாம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களும் வந்து பேச முடியும்.

இப்படிக்கு,
குரோம்பேட்டைவாசி