வாசலுக்கு வந்த வேஷம்

நியூஜெர்சி
நவம்பர் 6

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். "எனக்குத் தெரியும்லே" என்பார்கள், விட மாட்டார்கள். நீதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நான் போட்ட வேஷத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தின வீட்டுப் பேத்தி, இப்ப எலும்புக்கூடு வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் வாங்குதா? உங்க ஐயர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறாய். கேட்பாய் என்று தெரிந்துதான் ஹாலோவீன் இரவில் எடுத்த போட்டோவையே அனுப்பினேன்.

சொல்லாமல் இருப்பாரா எங்கள் சபைப் போதகர்? இங்கே தமிழ்ச் சபை ஒன்று உண்டு, ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவக் கோயிலின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். அக்டோபர் கடைசி ஞாயிறு முக்கால் மணி நேரம் பிரசங்கம், முழுக்க ஹாலோவீன்தான். பிசாசின் பண்டிகையாம். அந்த மிட்டாயைத் தின்னும் பிள்ளை விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்கிறதாம். அக்டோபர் 31-ஐச் சீர்திருத்தத் திருநாளாகக் கொண்டாடுங்கள், 1517-ல் லூத்தர் 95 கருத்துகளை வெளியிட்ட நாள் அது என்று முடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹாலோவீன் என்ற பெயருக்கே சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்தின இரவு என்றுதான் அர்த்தம். நவம்பர் 1 பரிசுத்தவான்களுக்கு, 2 மரித்த எல்லாருக்கும். மணப்பாட்டில் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, அதே கல்லறைத் திருநாள்தான். நாம் சைக்கிளில் போய்ப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த இரவில் உனக்குப் பயமாக இருந்ததா என்ன? திருவிழா மாதிரி அல்லவா இருந்தது.

ஆனால் பிரசங்கத்தில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. என்னோடு வேலை பார்க்கும் அயர்லாந்துக்காரர் ஒருவர் சொன்னார்: கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே அங்கே கோடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளாக அது இருந்ததாம். அதன் பெயரை அவர் உச்சரித்தபோது என் காதில் 'சாவின்' என்றே விழுந்தது! செத்தவர்கள் திரும்பி வரும் இரவு என்ற நம்பிக்கையும் உண்டு. ஆனால் அதைப் பற்றி எழுதி வைத்தவர்களே பிற்காலத்துக் கிறிஸ்தவத் துறவிகள்தான். எது பழையது, எது அவர்கள் சேர்த்தது என்று பிரிப்பது கஷ்டம். அவர்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைப்பார்களாம். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினவர்களுக்கு இங்கே பூசணி கிடைத்தது. குடைவதற்கும் சுலபம்.

அந்தப் பூசணி விஷயத்தில்தான் வீட்டில் முதல் சண்டை. நீ தங்கச்சி என்று அழைக்கும் என் மனைவிக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. "வாசலில் பேய்முகமா?" என்றாள். நம் ஊரில் புது வீடு கட்டினால் பூசணிக்காயில் பல்லும் மீசையுமாக அரக்கன் முகம் எழுதித் தொங்கவிடுவார்களே, அதைச் சொன்னேன். "அதையும் எங்க வீட்ல கட்டல" என்றாள். நியாயம்தான், என் பக்கம் தோல்வி. கடைசியில் சிரிக்கிற முகமாக வெட்டுவது என்று சமாதானம் ஆயிற்று. உள்ளே கை விட்டால் சில்லென்று நார் நாராக வரும், பச்சைக் காய் வாசனை மணிக்கட்டு வரை ஒட்டிக்கொள்ளும். தோண்டிப் போட்ட விதைகளைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தது யார் என்கிறாய்? உன் தங்கச்சிதான். அதில் அவளுக்குக் கொள்கை முரண்பாடு எதுவும் இல்லை.

எலும்புக்கூடு வேஷம் மகளின் சொந்த யோசனை. மூன்றாம் வகுப்பில் எலும்புகளின் பெயர் படிக்கிறார்களாம். கறுப்பு உடுப்பில் வெள்ளை எலும்பு அச்சிட்டது, விளக்கை அணைத்தால் ஒளிரும். தேவதை வேஷம் போடலாமே என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். நான் எசேக்கியேல் 37-ம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன், உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு. "வேதத்துலயே எலும்புக்கூடு எழுந்து நிக்குதே" என்றேன். அவள் முறைத்த முறைப்பில் நானே எலும்பாகியிருக்க வேண்டும்.

விளையாட்டு போகட்டும், நான் யோசிக்காமல் இல்லை. உபாகமம் 18-ஐ எடுத்து வாசித்தேன். குறிசொல்வது, மந்திரவாதம், செத்தவர்களிடம் குறிகேட்பது எல்லாம் கூடாது என்று திட்டவட்டமாக இருக்கிறது. அதை நான் நம்புகிறேன். சில வீடுகளில் அன்றைக்கு எழுத்துப் பலகை வைத்து ஆவியைக் கூப்பிடுகிற விளையாட்டு விளையாடுவார்கள். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன், அதில் பேச்சே இல்லை. ஆனால் அதே இடத்தில் நாள் பார்ப்பதும் கூடாது என்று இருக்கிறது, மாப்ளே. என் கல்யாணத்தை ஆடியில் வைக்க வேண்டாம் என்று தள்ளிப் போட்டது யார் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு ஐயரும் முக்கால் மணி நேரம் பேசி நான் கேட்டதில்லை.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் என் பக்கம் முழுசாக இல்லை. கடையில் விற்கிற கறியை எதுவும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். ஆனால் இது படைத்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்றும் அதே மூச்சில் சொல்கிறார். உங்கள் வீட்டு ஆயுத பூஜைப் பொரியை நான் டவுசர் பையில் போட்டுத் தெரியாமல் தின்பேனே, அது எந்தக் கணக்கில் வரும் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பொரி ருசியாக இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

ஒரு திருத்தம். அப்பா கதவைச் சாத்திய அன்று நீ போட்டிருந்தது காளி வேஷம் இல்லை, குரங்கு வேஷம். காளி அதற்கப்புறம். குரங்கு வேஷம் போட்டபோது ஒன்பதாம் வகுப்பு. உன் அம்மா மஞ்சள் காமாலையில் கிடந்து தேறியதற்கு நேர்ந்துகொண்டது. சாக்குத் துணியில் செய்த வாலைத் தோளில் போட்டுக்கொண்டு, தகரத் தட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தாய். வேஷத்துக்குள் நீதான் என்று அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சாத்தினார். நான் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன், நீ பார்த்தாய். நாம் இதைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஆச்சி கொல்லைப்புறமாக வந்து உனக்கு ஒரு சொம்பு மோரும் இரண்டு ரூபாயும் கொடுத்ததை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை மட்டும்தான் நீ சொன்னாய்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் இருக்கிறது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அந்த வீட்டில் மிட்டாய் இல்லை. எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம், யெகோவா சாட்சிகள் வீடு ஒன்று, இரண்டிலும் விளக்கு எரியாது. பிள்ளைகள் ஏன் என்று கேட்பதில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் அதே முஸ்லிம் வீட்டுப் பையன் இவளோடு ஒரே பள்ளிப் பேருந்தில்தான் போகிறான். அவர்கள் கொண்டாடாததும் பக்திதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. பக்கத்து எடிசனில் நம் ஊர்க்காரர்கள் அதிகம். அங்கே ஒரு வாசலில் கோலம், அகல்விளக்கு, பூசணி எல்லாம் ஒன்றாக இருந்தன. பாவாடை சட்டையில் ஒரு சிறுமி, முதுகில் சூனியக்காரித் தொப்பி தொங்க, மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடவே முறுக்கும்!

நாங்கள் வாடகைக்கு இருக்கும் கோயில்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் வரிசையாக கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்காரம் செய்து, அதிலிருந்து மிட்டாய் கொடுக்கிறார்கள். ஒரு டிக்கியில் நோவா பேழை, இன்னொன்றில் யோனாவின் மீன், வாயைத் திறந்தபடி. பிள்ளைகள் அதன் வாய்க்குள் கையை விட்டுச் சாக்லேட் எடுக்க வேண்டும். உன் தங்கச்சி அதற்குச் சந்தோஷமாகப் போனாள். ஆக மகளுக்கு இரண்டு இடத்து வசூல்.

அப்பாவுக்கு வீடியோவில் வேஷத்தைக் காட்டினோம். நான் வேண்டாம் என்றேன், மகள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். "குளிருமேலே, உள்ளே ஸ்வெட்டர் போட்டிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். உன்னை நினைத்தாரா என்று தெரியாது. நானும் கேட்கவில்லை.

அப்புறம், மகளுக்கு உன் கதையைச் சொன்னேன். காப்புக் கட்டி விரதம் இருந்து, காளி வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, அதையெல்லாம் குலசை முத்தாரம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடுவீர்கள் என்றதும், "எல்லாத்தையுமா? மாமா ஒண்ணுகூட வச்சிக்க மாட்டாங்களா?" என்று வாயைப் பிளந்தாள். இவள் வாளியில் இன்னும் பாதி இருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறாள். இந்த வருஷத்து காளி வேஷப் போட்டோ ஒன்று அனுப்பு, நாக்கும் கிரீடமும் நன்றாகத் தெரிகிற மாதிரி. உன் தங்கச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஜனவரியில் சித்தப்பா மகன் இங்கே வருகிறான், அவனிடம் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொடுத்துவிடு. சில்லுக் கருப்பட்டியாக இருந்தால் நல்லது.

உன்,
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவன்