ஆறு மாதக் கணக்கை நம்பி ஊருக்குப் போகும் பிஆர் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் பிஆராக, அதாவது நிரந்தரவாசியாக இருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். ஈசூனிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் தேக்கா சந்தையில் காய் வாங்கும்போது தெரிந்த அக்கா ஒருவரைப் பார்த்தேன். ஊரில் அவருடைய அப்பாவுக்கு முடியவில்லை, மறுநாள் காலை திருச்சி விமானத்தில் கிளம்புகிறார். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டேன். "தெரியலம்மா, ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டா சிட்டிசன்ஷிப்புக்கு ஒண்ணும் ஆகாதாம்ல" என்றார். இதே பேச்சை நம்பித்தான் நானும் மூன்று முறை ஊரில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தேன். அன்றைக்குக் கூட்டத்தில் நின்றுகொண்டு அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு இந்த ஆறு மாதத்தைச் சொன்னது நியூஜெர்சியில் இருக்கும் கொழுந்தனார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் நாட்டுச் சட்டத்தைச் சொன்னார். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ந்து வசித்ததில் முறிவு விழுந்துவிட்டதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், முறியவில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். ஓராண்டைத் தொட்டால் நிலைமை இன்னும் மோசம். அங்கேயும்கூட 6 மாதத்துக்குள் திரும்பினால் போதும் என்று இல்லை, பொதுவான வழியில் விண்ணப்பிப்பவர் 5 ஆண்டில் 30 மாதமாவது அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 5 ஆண்டில் 450 நாளுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. கனடாவில் 5 ஆண்டில் 1,095 நாள் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லா நாட்டுச் சொந்தமும் இருப்பதால் எல்லாக் கணக்கும் ஒன்றாகக் கலந்து நம் காதுக்கு வருகிறது.

சரி, நம் நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். பிஆர் ஆகி 2 ஆண்டு முடிந்து 21 வயதும் ஆகியிருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் நம் எல்லாருக்கும் தெரிந்தது, அதோடு நின்றுவிடுகிறோம். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 123ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள், அது பதிவின் மூலம் குடியுரிமை பெறுவதைப் பற்றியது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதமும் இங்கே வசித்திருக்க வேண்டும். முந்தைய 12 ஆண்டில் மொத்தம் 10 ஆண்டாவது வசித்திருக்க வேண்டும். இதற்கு அரசாங்கம் விலக்குத் தரலாம், அந்த விலக்குக்கு முந்தைய 6 ஆண்டில் மொத்தம் 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும், அல்லது சிறப்புக் காரணம் இருக்க வேண்டும். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் இந்த நான்கில் ஒன்றில் அடிப்படை அறிவு வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம் மொழியை அந்த வரியில் முதல்முறை படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, அது தனிக் கதை. 127ஆம் பிரிவில் நேச்சுரலைசேஷன் என்று இன்னொரு வழி இருக்கிறது. அதிலும் 12க்கு 10தான், கடைசி 12 மாதமும் அதில் அடங்க வேண்டும், தேசிய மொழியான மலாயில் போதுமான அறிவும் கேட்கிறார்கள்.

இரண்டு பிரிவிலும் "மொத்தம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பயணம் எத்தனை நாள் என்று மட்டும் பார்த்தால் போதாது, எல்லாப் பயணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நான் கூட்டிப் பார்த்தது போன தைப்பொங்கல் முடிந்த ஒரு ராத்திரி. பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். சாங்கியில் நாம் தானியங்கி வழியாகப் போய் வருவதால் முத்திரை விழுவதில்லை, திருச்சியில் குத்திய முத்திரைகளை வைத்துத்தான் தேதி பிடித்தேன், அதிலும் இரண்டு மங்கிப்போய் விளக்கடியில் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. 2020 மார்ச் 14ஆம் தேதி இரண்டு வாரம் என்று போனவள், மார்ச் 23இலிருந்து இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியதில் மாட்டி ஆகஸ்ட் 29ஆம் தேதிதான் வந்தேன். 168 நாள். 2022இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஜூன் தொடக்கத்தில் போனேன், 171 நாள். 2024இல் அவர் போகும்வரை பக்கத்தில் இருந்தேன், 143 நாள். திருமணம், காதுகுத்து, திதி என்று சின்னப் பயணங்கள் 61 நாள்.

ஒன்றுகூட 180 நாளைத் தொடவில்லை. கூட்டினால் 543. நான் இங்கே வந்ததே 2017இல், அதனால் 12 ஆண்டுக் கணக்கு எனக்கு இப்போது பொருந்தாது. 6க்கு 5 என்றால் வெளியே இருந்தது சுமார் 365 நாளுக்குள் அடங்க வேண்டும். சட்டம் "வசித்த காலம்" என்றுதான் சொல்கிறது, நாள் நாளாக எண்ணச் சொல்லவில்லை என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு குழப்பம் மறுநுழைவு அனுமதி. "ரீ என்ட்ரி பர்மிட் அஞ்சு வருஷத்துக்கு இருக்கு, அப்புறம் என்ன?" என்று என்னிடம் சொன்னவர் காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் நிரப்பித் தரும் ஏஜென்ட். அந்த அனுமதி நாம் வெளியே இருக்கும்போது பிஆர் தகுதி போகாமல் காக்கும், அவ்வளவுதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் இருந்த 171 நாளை ஈசூனில் இருந்த நாளாக அது மாற்றாது. 2025 டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து வந்த புது விதியையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியே இருக்கும் பிஆருக்கு அந்த அனுமதி கேட்டு விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் உண்டு, விண்ணப்பிக்காவிட்டால் பிஆர் தகுதியே போய்விடும் என்பதுதான் அது. 180 நாள் வெளியே இருக்கலாம் என்ற சலுகையாக அதைப் படிக்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போகாமல் இருந்துவிட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். எங்கள் அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒவ்வொரு காலையும் வாய் கோணியபடியே "எப்ப கெளம்புற?" என்று கேட்பார், இன்னும் நாள் இருக்குப்பா என்றதும் கண்ணை மூடிக்கொள்வார். அந்த 171 நாளில் ஒரு நாளைக்கூட நான் திருப்பிக் கேட்க மாட்டேன். ஆனால் கணக்குத் தெரிந்திருந்தால் 2022இல் தம்பியும் நானும் மாதம் பிரித்துக்கொண்டு போயிருப்போம், அவனும் தயாராகத்தான் இருந்தான். சின்னப் பயணங்களில் பாதியைக் குறைத்திருப்பேன். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளையெல்லாம் அம்மா அடுப்பில் போடுவதற்கு முன்னால் எடுத்து வைத்திருப்பேன்.

அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டில் போகிற தேதி, வருகிற தேதி, காரணம் மூன்றையும் எழுதுங்கள். போர்டிங் பாஸைப் படம் எடுத்து வையுங்கள். முந்தைய 6 ஆண்டுக்கும் 12 ஆண்டுக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், அந்தக் காலக்கெடு நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே வரும் என்பதையும் மறக்காதீர்கள், பழைய பயணம் ஒன்று பின்னால் கழியும்போது உங்கள் நிலைமை மேம்படலாம். கடைசி 12 மாதத்தில் நீண்ட பயணம் ஏதாவது இருந்தால் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடமே எழுதிக் கேளுங்கள், காப்பிக்கடையில் கேட்காதீர்கள். கணக்கு சரியாக இருந்தாலும் குடியுரிமை தருவதும் தராததும் அரசாங்கத்தின் முடிவுதான், குடும்பம், வேலை, எத்தனை காலமாக இங்கே இருக்கிறோம் என்று பலவற்றையும் பார்ப்பார்கள். கணக்கே சரியில்லாமல் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

தேக்காவில் பார்த்த அக்காவுக்கும் இதை அனுப்பியிருக்கிறேன். அப்பா கண் விழித்துப் பேசுகிறாராம், நோட்டு வாங்கிவிட்டாராம்.

என் கணக்குப்படி நான் 2028 ஆகஸ்ட் வாக்கில்தான் விண்ணப்பிக்க முடியும், அதுவும் ஆண்டுக்கு 12 நாளுக்கு மேல் போகாமல் இருந்தால். அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். 12 நாள், நோட்டில் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து உங்கள் சகோதரி